ஏந்தும் கையும் ஏந்துதுணியும்

தமிழில் குழந்தையைத் தூக்கும் செயலைக் குறிக்கும் சொற்கள் பல. இரு கைகளிலும் கொண்டால் அஃது ஏந்துதல். மார்போடு சேர்த்தால் அணைத்தல். தோள்மீது கிடத்தினால் சார்த்துதல். இடுப்பின் பக்கத்தில் இருத்தினால் ஒக்கலையில் வைத்தல். துணியில் இட்டு ஆட்டும் தொட்டிலுக்குத் தூளி என்றும் ஏணை என்றும் பெயர். ஒக்கலை என்னும் சொல்லை இற்றை நாள் மாணவர்கள் அகராதியில்தான் காண்கின்றனர். ஆயினும் அச்செயலை மயிலாப்பூர் மாடவீதிகளில் மாலைதோறும் கண்ணாரக் காணலாம்.

சுமத்தல் என்னும் சொல்லோ கருவைத் தாங்குவதற்கும் பொருளைத் தாங்குவதற்கும் பொதுவாய் நிற்கிறது. அறபு மொழியிலும் அவ்வாறே. ‘ஹம்ல்’ என்பது சுமத்தலையும் கருவுற்றிருத்தலையும் ஒருங்கே உணர்த்தும். திருக்குர்ஆனின் 46ஆம் அத்தியாயம் 15ஆம் வசனம், தாய் கருச்சுமக்கும் காலத்தையும் பால்குடி மறக்கச் செய்யும் காலத்தையும் சேர்த்து 30 திங்கள் எனக் கணக்கிடுகிறது. மகப்பேற்றோடு சுமத்தல் முடிந்துவிடுவதில்லை. வயிற்றில் சுமந்தவள் பின்னர் மார்பிலும் தோளிலும் இடுப்பிலும் சுமக்கிறாள் என்பது இரு மொழியாரும் உணர்ந்த உண்மையாகும்.

எம்மிடம் முதுகலை பயிலும் மாணவியருள் இளந்தாயர் ஓரிருவர் ஆண்டுதோறும் இருப்பர். இலக்கண ஐயம் கேட்க வருவோர் இடையிடையே மற்றோர் ஐயமும் கேட்பதுண்டு: “அம்மா, குழந்தையைத் தூக்கிச் செல்ல எந்தப் பை வாங்கலாம்?” தியாகராயநகர்க் கடைகளில் ‘கேரியர்’ என்றும் ‘ஸ்லிங்’ என்றும் விற்கப்படும் பலவகைப் பைகளைக் கண்டு மயங்கியே அவர்கள் இவ்வாறு வினவுகின்றனர். வினா சிறிது, ஆனால் அதனுள் ஓர் உயிரின் மூச்சு அடங்கியிருக்கிறது. ஆதலின் விடை கூறுதல் நம் கடன்.

பருவம் அறிதல்

பிள்ளைத்தமிழ் பயின்றோர்க்கு இவ்வினாவின் முதற்பாதி எளிது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் மூன்றாம் திங்களில் தொடங்கி, இரண்டு திங்களுக்கு ஒன்றாய் 21ஆம் திங்கள் வரை செல்லும் எனப் பொதுவாகக் கூறுவர். செய்யிது அனபியாப் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பிள்ளைத்தமிழ் பாடியது தொட்டு, இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் இப்பருவ முறையைப் போற்றி வந்துள்ளனர்.

இதனைப் பாடல் மரபு என்று மட்டும் கருதிவிடலாகாது. குழந்தையின் உடல் வளர்ச்சியை உற்று நோக்கியவர் வகுத்த வரிசை இது. ஐந்தாம் திங்களிற்குரிய செங்கீரையாவது, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் நிலை. தலை நிமிர்கிறது எனில் கழுத்து நின்றுவிட்டது என்பது பொருள். ஒன்பதாம் திங்களிற்குரிய சப்பாணியில் குழந்தை அமர்ந்து கைகொட்டுகிறது; அஃதாவது முதுகு நின்றுவிட்டது. பதின்மூன்றாம் திங்களின் வருகையில் தளர்நடை தொடங்குகிறது.

இவ்வரிசையே ஏந்துதற்கும் வழிகாட்டும். கழுத்து நில்லாத காப்புப் பருவத்தில் குழந்தைக்கு உரிய இடம் தாயின் மார்பு. முகம் தாயை நோக்கியிருக்க, வயிறும் வயிறும் ஒட்டியிருக்க, நிமிர்ந்த நிலையில் தலைக்கும் முதுகுக்கும் தாங்கல் வேண்டும். கழுத்து நன்கு நின்று, முதுகும் உரம் பெறத் தொடங்கிய பின்னர் ஒக்கலை. வருகைப் பருவத்திலோ அது தானே இறங்க முயலும், இறக்கிவிடுதலே அறிவு. பருவம் அறியாது வாங்கிய பை, எத்துணை விலை உயர்ந்ததாயினும் பயனற்றது.

மூன்று கருத்துகள்

கடந்த ஆண்டு எம் மகள் தலைப்பேற்றிற்காக மயிலாப்பூரில் உள்ள எம் இல்லம் வந்தாள். பேரன் பிறந்தான். ஏழாம் நாள் அகீகாவும் பெயர்சூட்டலும் நிகழ்ந்தன. நாற்பது நாளும் கழிந்தன. அதன்பின் எழுந்தது இச்சிக்கல். பத்தாம் வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டு செல்லவேண்டும். இடையில் நின்ற பி.எட். படிப்பைத் தொடர்வதற்கான அலைச்சலும் மகளுக்கு இருந்தது.

வீட்டில் மூன்று கருத்துகள் நிலவின. மருமகன் துபாயிலிருந்து கொக்கிகள் பூட்டும் கேரியர் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். குழந்தை வெளிப்புறம் நோக்கி அமர்ந்து உலகைக் காணும் என்பது அவர் விருப்பம். மகளோ தியாகராயநகரில் இரு வளையங்கள் கோத்த ஏந்துதுணியைப் பார்த்து வந்திருந்தாள். எம் அன்னையார், மகளுக்கு நன்னி, இரண்டையும் ஒதுக்கினார். “கை இருக்கு, வீட்டுல தூளி இருக்கு. வேற என்ன வேணும்?” என்பது அவர் வாதம். மகளின் விடையும் பொருளுடையதே: “வீட்டுல தூளி சரி, நன்னி. பஸ்ல ஒரு கையால கம்பியப் பிடிக்கணுமே?”

துபாய்ப் பையின் குறிப்பைப் படித்தோம். அதில் கண்ட தாழ்ந்த எடை அளவைப் பேரன் எட்டியிருக்கவில்லை. துணிப்பொம்மை ஒன்றை அதில் இருத்திப் பார்த்தோம். இருக்கை மிகக் குறுகியது. கால்கள் இரண்டும் நேராய்த் தொங்கின. தலைக்குப் பின்னே பிடிப்பு இல்லை. நன்னி அதனைச் சற்று நேரம் நோக்கினார். பின்னர் மெல்லச் சொன்னார்: “கண்ணு, கையில வச்சிருக்கிறப்போ புள்ள எப்படி இருக்குதோ, அப்படித்தான் துணியிலயும் இருக்கணும். இது அப்படி இல்லையே.”

எந்நூலிலும் காணாத இலக்கணம் இஃது. ஏந்துதுணி என்பது மூன்றாவது கை. முதலிரு கைகள் செய்வதையே அதுவும் செய்தல் வேண்டும். அவர் கூறிய அச்சொல்லையே அளவுகோலாகக் கொண்டு மருத்துவர் கூறுவனவற்றை நோக்கினால், அவையெல்லாம் அதனுள் அடங்குதலைக் காணலாம்.

மூச்சு

இளங்குழவியின் மூச்சுக்குழல் மிகக் குறுகியது. தலையோ உடலை நோக்கப் பெரிது, கனமானது. பைபோல் தொங்கும் துணியின் அடியில் குழந்தை சுருண்டு கிடந்தால் தாடை மார்பில் படிந்து, காற்று செல்லும் வழி மடங்கிவிடும். அப்போது குழந்தை அழவும் இயலாது. ஓசையின்றியே மூச்சு தடைப்படும். 2010 மார்ச் திங்களில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதுபற்றி எச்சரித்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் இத்தகைய ஏந்துதுணிகளோடு தொடர்புடைய 14 இறப்புகளை ஆணையம் கண்டறிந்தது; அவற்றுள் 12, நான்கு திங்கள் நிரம்பாத குழந்தைகள். அம்மாதத்திலேயே பத்து இலட்சம் பைகள் அந்நாட்டுச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

ஆகவே ஐந்து நெறிகளை இளந்தாயர் நெஞ்சில் இருத்துக. துணி தளராது உடலோடு ஒட்டி இறுகியிருத்தல் ஒன்று. குனிந்து நோக்கியவுடன் குழந்தையின் முகம் முழுதும் தெரிதல் இரண்டு. தலையைத் தாழ்த்தினால் உச்சியில் முத்தமிடத்தக்க உயரத்தில் குழந்தை இருத்தல் மூன்று. தாடைக்கும் மார்புக்கும் இடையே இரு விரல் நுழையும் இடைவெளி நான்கு. முதுகு துவளாமல் தாங்கப்பெறுதல் ஐந்து. குழந்தையைக் கையில் அணைத்திருக்கும் தாயை நோக்குக. இவ்வைந்தும் அங்கே இயல்பாகவே அமைந்திருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, சளியோ மூச்சுத் தொல்லையோ உள்ள குழந்தை ஆகியோரைத் துணியில் இடுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

இடுப்பு

அடுத்தது கால்களின் நிலை. பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டுக் கிண்ணம் இன்னும் முற்றாத குருத்தெலும்பால் ஆனது. தொடைகள் விரிந்து, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்றே உயர்ந்திருக்கையில் தொடையெலும்பின் தலை அக்கிண்ணத்துள் செவ்வனே பொருந்தும். கால்களை நேராய் நீட்டி இறுகக் கட்டும் வழக்கம் உள்ள மக்களிடையே இடுப்பு மூட்டுப் பிசகு மிகுதியென்றும், தாயின் உடலைக் கவ்வியவாறு கால் விரித்துச் சுமக்கும் மக்களிடையே அது குறைவென்றும் மருத்துவர்கள் கண்டுள்ளனர். நம் தாயரின் ஒக்கலை இந்நிலையையே தருகிறது. ஆதலின் துணியோ பையோ, குழந்தையின் ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்புவரை அகன்று தாங்குதல் வேண்டும்.

துணி

எம் மகள் இறுதியில் தேர்ந்தது கைத்தறிப் பருத்திச் சேலை ஒன்றனை. ஐந்தரை மீட்டர்ச் சேலையில் சரிகை மிகுந்த தலைப்பை நீக்கினாள்; சரிகை குழந்தையின் கன்னத்தைக் கீறும். வெட்டிய ஓரத்தை மடித்துத் தைத்தாள். மிகப் பழையதும் ஆகாது, புதியதும் ஆகாது. பழையது சுமை தாங்காமல் கிழியும், புதியது கஞ்சி ஏறி விறைத்திருக்கும். பலமுறை துவைத்து மென்மையுற்று, வெயிலில் பிடித்துப் பார்த்தால் இழை விலகாத துணியே தக்கது. நைலான் முதலிய செயற்கை இழைகள் வழுக்கும், முடிச்சு நழுவும், காற்றையும் விடா. வளையம் கோத்த வகையை விரும்புவோர் வளையத்தில் ஒட்டுவாய் இல்லாமையைத் தடவிப் பார்த்து அறிக.

நம் நகரின் வெப்பத்தையும் எண்ணுதல் வேண்டும். தாயின் உடற்சூடும் குழந்தையின் உடற்சூடும் துணியின் சூடும் ஒன்று கூடும். சித்திரை, வைகாசித் திங்களில் குழந்தைக்கு ஒற்றை மெல்லாடை போதும். நண்பகல் வெயிலைத் தவிர்த்தல் நன்று. கையையும் காலையும் தொட்டுப் பார்த்துச் சூட்டை முடிவு செய்தல் கூடாது. பிடரியைத் தொட்டுப் பார்த்து, அது வியர்த்திருப்பின் உடனே துணியை அவிழ்த்துவிடல் வேண்டும். ஆறு திங்கள் வரை தண்ணீர் தேவையில்லை. அடிக்கடி தாய்ப்பால் ஊட்டினால் போதும். பால் ஊட்டி முடிந்தபின் குழந்தையை மீண்டும் நிமிர்ந்த நிலைக்கு உயர்த்துக.

முதலில் அரிசிப் பொட்டலம் கட்டிப் பழகினாள் மகள். பின்னர்க் கட்டில் அருகே நின்று, நன்னி கீழே கைதாங்கி நிற்க, குழந்தையை இட்டுப் பத்து மணித்துளி வீட்டினுள்ளேயே நடந்தாள். நன்னி தாடைக்கு அடியில் இரு விரலை நுழைத்துப் பார்த்துத் தலையசைத்த பின்னரே தடுப்பூசிப் பயணம் நிகழ்ந்தது.

நகரும் ஏந்துதுணியும்

சக்கரம் வைத்த தள்ளுவண்டி மேலை நகரங்களுக்குப் பொருந்தலாம். பாண்டி பஜாரில் 2019இல் அமைந்த நடைபாதை வளாகத்தில் அதனை உருட்டவும் செய்யலாம். ஆனால் அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள இரங்கநாதன் தெருவில் அது எவ்வாறு செல்லும்? பூக்கடையும் காய்க்கடையும் நெருங்கிய மாடவீதியிலோ, பேருந்துப் படியிலோ அதனைத் தூக்குவார் யார்? 2021 மே திங்கள் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை என்றானபின் குழந்தையோடு பேருந்தேறும் தாயர்க்குச் செலவு குறைந்தது. அவர்கள் நிற்கவேண்டி வந்தால் ஒரு கை கம்பிக்கு வேண்டும். மறு கை குழந்தையின் முதுகில் இருக்கும். இடைப்பட்ட சுமையைத் துணி ஏற்கும்.

ஆனால் இருசக்கர வண்டிக்கு இஃது ஏற்றதன்று. 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகன விதி, ஒன்பது திங்கள் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தையை இருசக்கர வண்டியில் கொண்டு செல்வோர் ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரும் தலைக்கவசமும் பயன்படுத்த வேண்டும் என்றும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைக் கடத்தல் ஆகாது என்றும் கூறுகிறது. ஏந்துதுணி அவ்வாரும் அன்று. மகிழுந்தில் குழந்தை இருக்கைக்கு ஈடும் அன்று. அடுப்படியிலும் அதனைக் கட்டிக்கொண்டு நிற்றல் தகாது. கொதிக்கும் எண்ணெய்க்குப் பருவம் தெரியாது.

அழுகையும் அணைப்பும்

“எப்போதும் தூக்கி வைத்தால் கைப்பிள்ளையாகிக் கெட்டுவிடும்” என்போர் உளர். இதற்கு விடை தந்தோருள் ஒருவர் நம் அடையாற்றோடு தொடர்புடையவர். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இந்தியாவில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளின் வழியே உருவாகி 1949இல் அடையாற்றுப் பதிப்பகத்தார் வெளியிட்ட நூலில், பல நாட்டுத் தாயர் குழந்தையைச் சுமக்கும் முறைகளை எண்ணிப் பார்க்கிறார். தாயோடு சந்தைக்கும் வேலைக்கும் செல்லும் குழந்தை உலகைக் கண்டும் மொழியைக் கேட்டும் வளர்கிறது என்பதும், அத்தகைய நாடுகளில் குழந்தையின் அழுகை அரிதென்பதும் அவர் கருத்து.

பின்வந்த ஆய்வு அதற்கு அரண் செய்தது. 1986இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஹன்சிகர், பார் என்னும் மருத்துவர்கள் 99 தாய்சேய் இணைகளை ஆய்ந்தனர். அழுகை வந்தபின் தூக்குவதோடு அமையாது, அழாத வேளையிலும் மிகுதியாகச் சுமக்கப்பட்ட குழந்தைகள் ஆறாம் வாரத்தில் 43 விழுக்காடு குறைவாக அழுதன. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் தோன்றிய கங்காரு தாய்ப்பராமரிப்பு, குறைந்த எடையுள்ள குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் காக்கும் முறை. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், பிறந்தவுடன் இம்முறையைத் தொடங்கிய குழந்தைகளிடையே இறப்பு 12.0 விழுக்காடு; வழக்கமான முறையில் 15.7 விழுக்காடு. தாயின் மார்பு மருந்துமாயிற்று.

துணியின் மதிப்பு

குழந்தையைத் துணியில் கட்டிச் சுமப்பதை வறுமையின் அடையாளமாக நம்மவர் பன்னாள் எண்ணினர். நரிக்குறவப் பெண்டிர் தோளில் முடிந்த துணியில் குழந்தையை இருத்தி மணி விற்று நடந்தபோதும், கட்டடப் பணி செய்யும் தாயர் மரக்கிளையில் சேலையைத் தூளியாகக் கட்டியபோதும், கண்டும் காணாதவராய்க் கடந்தோர் பலர். 1960களில் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றிய ஆன் மூர் என்னும் அமெரிக்கச் செவிலியர், அந்நாட்டுத் தாயர் துணியில் குழந்தையைச் சுமக்கும் அழகைக் கண்டு, தம் நாட்டில் அதனைப் பையாக வடித்து 1969இல் காப்புரிமை பெற்றார். ஏழைத் தாயின் அறிவு பெட்டியில் அடைபட்டுப் பெரிய விலையோடு திரும்பி வருகிறது. அதனை வாங்குதல் குற்றமன்று. ஆனால் விலைச்சீட்டு உள்ளதை மதித்து, தெருவில் நடப்பவளின் முடிச்சை இகழ்தல் நேர்மையன்று.

சுமத்தல் தாய்க்கு மட்டும் உரியதென்று ஒதுக்குவதும் நேர்மையன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகள் ஸைனப் (ரலி) ஈன்ற உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுததை அபூ கதாதா (ரலி) அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிந்துள்ளனர். நிற்கையில் குழந்தையைத் தூக்கினார்கள். சுஜூது செய்கையில் மெல்ல இறக்கி வைத்தார்கள். இறைவன் முன் நிற்கும் வேளையிலும் குழந்தைக்கு இடம் உண்டு என்றால், ஆடவர் தோளுக்கு அது நாணம் ஆகுமோ? எம் மருமகன் விடுமுறையில் வந்தபோது நன்னி அவருக்கும் அச்சேலையைக் கட்டக் கற்றுக்கொடுத்தார். அதே துணி; முடிச்சுமட்டும் சற்றுத் தள்ளி விழுந்தது.

ஆகவே இளந்தாயர்க்கும் இளந்தந்தையர்க்கும் நாம் கூறத்தக்கது இதுவே. கடைக்குச் செல்லுமுன் குழந்தையை ஒருமுறை கையில் ஏந்தி, கண்ணாடி முன் நின்று பாருங்கள். தலை எங்கே சாய்கிறது, முதுகை எக்கை தாங்குகிறது, கால் எவ்வாறு மடிகிறது, முகம் உங்களுக்குத் தெரிகிறதா என நோக்குங்கள். அந்நிலையை மாற்றாமல் காக்கும் துணி எதுவோ அதுவே நல்ல துணி. அது பெட்டியில் இருந்தாலும் சரி, உம் அன்னையின் அலமாரியில் இருந்தாலும் சரி.